ஆவியக்காவும் இருநூறு வேலைகளும்

ஆவியக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வரி ரசீதில் மட்டும்தான் இருந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு ஒரு மாதிரி விழிப்பார்கள். "பயப்படாதீங்க, பேய் இல்ல, நீராவி" என்று யாராவது விளக்கம் சொல்வார்கள். அவளுடைய லாண்டரியின் பின்சுவரில் நீட்டிக்கொண்டிருந்த தகரக்குழாய் வழியாகக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெள்ளை வெள்ளையாக ஆவி வந்துகொண்டே இருக்கும். பெயர் வந்த கதை அவ்வளவுதான். அவளோடு ஒருமுறை வாய் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் வேறு காரணம் சொல்வார்கள். மூடி போட்டு அடக்கினால் மூடியையே தூக்கி எறிகிற ரகம் அவள்.

அவள் கடை முன்பு அச்சகமாக இருந்த கட்டடம். முன்னறையில் துணி மடிக்கிற நீள மேசைகள். பின்னறையில் மூன்று பெரிய சலவை இயந்திரங்கள். அதில் ஒன்று, மூடிப்போன ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து மலிவாக வாங்கியது. சுற்ற ஆரம்பித்தால் நின்ற இடத்தில் நிற்காது. குதித்துக் குதித்து வாசல் பக்கம் நகர்ந்துவிடும். அதனால் அதைச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தாள். "ஊர்ல எல்லாரும் நாயைக் கட்டுவாங்க, எங்க வீட்ல மெஷினைக் கட்டியிருக்கோம்" என்பார் அவள் கணவர். வேன் ஓட்டுகிறவர். அழுக்குத் துணி மூட்டைகளை எடுத்துவந்து, வெளுத்த துணிகளைத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. பேச்சு குறைவு. மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் தனக்கு அந்த வேலை இல்லை என்று இருந்துவிட்டார்.

இரண்டு தங்கும் விடுதிகள், ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஒரு மாணவர் விடுதி: இவைதான் வாடிக்கை. நகராட்சிக் கூட்ட அரங்கின் திரைச்சீலைகளும் அவளிடம்தான் வெளுப்புக்கு வரும். எட்டுப் பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவளுக்கு மடிப்பு என்று பெயர். ஒரு படுக்கை விரிப்பை இரண்டு கையால் உதறி, காற்றிலேயே மடித்து, மேசையில் வைக்கும்போது நான்கு மூலையும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆவியக்கா கடை திறந்த நாளிலிருந்து அவள் கூடவே இருந்தாள். இரண்டு பேரும் வாரத்தில் மூன்று நாள் சண்டை போட்டு, நாலாவது நாள் ஒரே டிபன் டப்பாவில் சாப்பிடுகிற சிநேகம்.

கடைக்கு இருந்த ஒரே குறை தண்ணீர். நகராட்சிக் குழாய் கட்டைவிரல் தடிமன். மத்தியானத்துக்குள் அது நூலாக இறங்கிவிடும். மிச்சத்துக்கு லாரித் தண்ணீர் வாங்கவேண்டும். லாபத்தில் பாதியை லாரிக்காரன் குடித்துக்கொண்டிருந்தான். பெரிய குழாய் வேண்டும் என்று அவள் நகராட்சிக்கு நடையாய் நடந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "நிதி இல்லம்மா. வந்தா பார்க்கலாம்."

அந்த வருடம் மழை விட்டதும் ஒரு காலையில் தெருவை வெட்ட ஆட்கள் வந்தார்கள். பின்னாலேயே ஒரு லாரியில் நீலநிறக் குழாய்கள் வந்து இறங்கின. ஒரு குழந்தை தலையை உள்ளே விட்டுப் பார்க்கலாம், அவ்வளவு அகலம். ஆவியக்கா கடைக்குள்ளிருந்து ஓடிவந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்று பார்த்தாள். பிறகு உள்ளே போய், வெட்டுகிற ஆட்கள் எல்லாருக்கும் டீ போடச் சொன்னாள். அன்று மத்தியானம் அவர்களுக்கு நிழலுக்காகத் தன் கடை முன்னாலேயே பழைய விரிப்பு ஒன்றைக் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். "பாரு, கேட்டுக்கிட்டே இருந்தா கல்லும் கரையும்" என்று மடிப்பிடம் சொன்னாள். வாடிக்கையாளர்களிடம் சொன்னாள். லாரித் தண்ணீர்க்காரனைக் கூப்பிட்டு, "இனிமே உன் மூஞ்சியே பார்க்கவேண்டாம்" என்றும் சொல்லிவிட்டாள்.

குழாய் அவள் வாசல்படிக்குக் கீழே இறங்கியது. மண்ணைப் போட்டு மூடினார்கள். மேஸ்திரி மண்வெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு இணைப்பு எப்போ குடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"உங்களுக்கா? இது உங்களுக்கு இல்லக்கா. இது ஊருக்கு வெளிய பெரிய லாண்டரி இருக்குல்ல, நேரா அங்க போகுது. நடுவுல எங்கயும் வாயே கிடையாது."

பெரிய லாண்டரி என்றால் புறவழிச்சாலையில் இருந்த கம்பெனி. பக்கத்து நகரங்களின் ஓட்டல்களுக்கெல்லாம் வெளுத்துக் கொடுக்கிற இடம். உள்ளூர்த் துணியை அதுவரை அது தொட்டதில்லை.

ஆவியக்கா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் மடிப்புக்குப் பயமாக இருந்ததாம். கட்டியிருந்த விரிப்பை அவிழ்த்தாள். நாலாக மடித்தாள். பிறகு அதை மேஸ்திரியின் வண்டி மேல் ஓங்கி எறிந்தாள். "டீக்காசைக் குடுத்துட்டுப் போ!"

கடையை ஒட்டியிருந்த தன் வீட்டின் மாடிக்கு நேராகப் போனாள். மாடியில் அவள் கொழுந்தன் குடியிருந்தான். அந்த வார்டின் கவுன்சிலர். அவன் தேர்தலில் நின்றபோது அவனுடைய வெள்ளைச் சட்டைகளுக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள் இவள்தான். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவளும் இவள்தான். கேட்டாள் என்று சொல்வதைவிட மிரட்டினாள் என்பதே சரி. "எங்க தம்பிக்குப் போடலைன்னா இந்தத் தெருவுல எப்படி நடக்குறீங்கன்னு பார்க்குறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஜனங்கள் சிரிக்காமல் போட்டார்கள்.

கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கை தட்டிலேயே நின்றது.

"உக்காருங்க அண்ணி."

"உக்கார வரல. என் வாசலுக்குக் கீழ போற குழாய் யாருக்குத் தம்பி?"

அவன் மென்றதை விழுங்கினான். "நானே உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். பெரிய லாண்டரி விரிவாக்கம் பண்றாங்க. இன்னொரு கட்டடம், புது மெஷினு. இருநூறு பேருக்கு வேலை வரும்னு சொல்றாங்க. அதுக்கு நம்ம நகராட்சி ஊக்கத்தொகை மாதிரி சில சலுகை குடுக்குது. பத்து வருஷம் சொத்து வரி கிடையாது. தண்ணிக்குழாய் நம்ம செலவு. பக்கத்துல இருக்கிற நகராட்சி நிலம் குத்தகைக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? வீட்டையும் எழுதிக் குடுத்துடுங்களேன்."

"இன்னும் முடிவாகல அண்ணி. அடுத்த வாரம் கூட்டத்துல ஓட்டுக்கு வருது."

"முடிவே ஆகலையா? குழாய் பூமிக்குள்ள போயிடுச்சு! புள்ளை பொறந்தப்புறம் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கிறீங்களா?"

கொழுந்தன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகம் சிரிப்பதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஊர் வளரணும்ல அண்ணி."

"வளரட்டும். நான் எந்த ஊரு? நான் கேட்டப்போ நிதி இல்ல. அவனுக்குன்னா நிதி மண்ணுக்குள்ளயிருந்து முளைச்சுதா? நான் வருஷம் தவறாம கட்டுன வரியும் அந்தக் குழாய்ல இருக்கு தம்பி. அதுல ஓடுற தண்ணியில வெளுத்துத்தான் நாளைக்கு அவன் என் வாடிக்கையைப் பிடுங்கப்போறான். என் காசுல எனக்கே கயிறு திரிச்சுட்டு, ஊர் வளருதுன்னு என்கிட்டயே சொல்றியா?"

அவள் படியிறங்கிப் போன வேகத்தில் மாடிப்படியின் கைப்பிடி ஆடியது. கீழே கணவர் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாமே காதில் விழுந்திருந்தது. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கொழுந்தன் கடைக்கே வந்தான். சங்கிலி போட்ட இயந்திரம் ஓடிய சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது என்று அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அண்ணி, கூட்டத்துல ஒண்ணும் பேசாதீங்க. அந்தக் குழாய்லயிருந்து உங்க கடைக்கு ஒரு இணைப்பு எடுத்துக் குடுக்கறேன். வெளிய தெரியாம முடிச்சுடலாம்" என்றான்.

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. இதைப் பிற்பாடு அவளே எல்லாரிடமும் சொன்னாள். அன்று முழுவதும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துப் பார்த்துக் கணக்குப் போட்டாள். லாரி வேண்டாம். மத்தியானம் இயந்திரத்தை நிறுத்தவேண்டாம். இன்னும் ஒரு வாடிக்கையைப் பிடிக்கலாம். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் மாலையில் தெருக்கோடி சலூன்காரர் ஒரு வாளித் தண்ணீருக்காகப் பின்வாசலில் வந்து நின்றார். அவருக்கும் மத்தியானத்துக்கு மேல் குழாய் வராது. வாளியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்று மாடியைப் பார்த்துக் கத்தினாள். "தம்பி! தெருவுக்கே குடுக்குறதுன்னா குடு! திருட்டு இணைப்பு எனக்கு வேண்டாம்!"

ரகசியமாகச் சொன்னது அத்தனை ஜன்னல்களுக்கும் கேட்டது. அன்றிலிருந்து கொழுந்தன் பின்பக்கப் படிக்கட்டில்தான் போய்வந்தான்.

கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் புறப்பட்டாள். நகரில் இன்னும் நாலைந்து சின்ன லாண்டரிகள் இருந்தன. ஒருவர் முட்டி வலி என்றார். ஒருவர் மச்சினன் நகராட்சியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். "யானைக்கும் யானைக்கும் சண்டைன்னா நடுவுல புல்லு எதுக்கு?" என்று கேட்டார் இன்னொருவர். "யானை ஒண்ணுதான்யா இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

எல்லாவற்றையும்விட மடிப்பு சொன்னதுதான் அவளைச் சுட்டது. சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலேயே மடிப்பு சொன்னாள்.

"நீ கோவிச்சுக்கிட்டாலும் சரிக்கா. எனக்கு அந்த வேலை வேணும்."

"எந்த வேலை?"

"பெரிய லாண்டரி வேலை. லீவு எடுத்தா சம்பளம் பிடிக்கமாட்டாங்களாம். உடம்புக்கு முடியலைன்னா வைத்தியச் செலவு தருவாங்களாம். உன்கிட்ட எத்தனை வருஷமா இருக்கேன்? எனக்கு முதுகு போச்சு. நீ ஒரு பெல்ட் வாங்கிக் குடுத்தே. அதுவே பெருசுதான், இல்லைங்கல. ஆனா பெல்ட்டை வச்சுக்கிட்டு வயசான காலத்துல என்ன பண்றது?"

ஆவியக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தாள். மடிப்பு சொன்னதில் பொய்யாக ஒரு வார்த்தைகூட இல்லை. அது அவள் கோபத்தை இன்னும் அதிகமாக்கியது. அன்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

கூட்ட அரங்கு நிரம்பி வழிந்தது. அவள் வெளுத்துத் தேய்த்த திரைச்சீலைகள் ஜன்னல்களில் தொங்கிக்கொண்டிருந்தன. கம்பெனி மேலாளர் வெள்ளைத் திரையில் படம் போட்டுக் காட்டினார். புதிய கட்டடம், பளபளக்கிற இயந்திரங்கள், தொப்பி போட்டுச் சிரிக்கிற பெண்கள். கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க ஆதரவு இல்லைன்னா எங்களுக்கு வருத்தமா இருக்கும். பக்கத்து நகராட்சியும் எங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

பின்வரிசைகளில் வேலை தேடும் இளைஞர்களும் பெண்களும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயம் அவர்கள் முகத்திலேயே தெரிந்தது.

பொதுமக்கள் கருத்து என்று கூப்பிட்டபோது ஆவியக்கா எழுந்தாள். வீட்டில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் ஒலிவாங்கியைப் பிடித்ததும் பறந்துவிட்டது.

"தலைவரம்மா, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கடைவீதியில ஒரே ஒரு கடைக்காரனுக்கு மட்டும் வாடகை வேண்டாம், கரண்ட் காசு வேண்டாம்னு சொல்லிட்டு, பக்கத்துக் கடைக்காரன்கிட்ட அந்தக் காசையும் சேர்த்து வாங்குனா, அதுக்குப் பேர் வியாபாரமா, வழிப்பறியா?"

நகராட்சித் தலைவர் மணியைத் தட்டினார். "வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கம்மா."

"பார்த்துத்தான் பேசுறேன். இவரு போயிடுவேன் போயிடுவேன்னு மிரட்டுறாரு. போகட்டுமே! ஊருக்குள்ளயே இருந்து, போகாம, ஒழுங்கா வரி கட்டுறோமே, எங்களுக்கு என்ன மரியாதை? போறேன்னு சொல்றவனுக்குத்தான் விருந்தா?"

"போகட்டுமே" என்ற வார்த்தையில்தான் பின்வரிசை வெடித்தது. "உனக்குக் கடை இருக்கு, எங்களுக்கு என்ன இருக்கு?" என்று ஒருவன் கத்தினான். "உக்காரு, உக்காரு" என்று கூச்சல். யாரோ ஒலிவாங்கியை நிறுத்திவிட்டார்கள். அவள் நிற்காமல் வெறுந்தொண்டையில் பேசினாள். ஒரு வார்த்தையும் யாருக்கும் கேட்கவில்லை. எந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அவளை நசுக்கினார்களோ, அந்தப் பிள்ளைகளே அவளைப் பார்த்து ஊளையிட்டார்கள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை என்று யாராவது நினைத்துவிடப்போகிறார்களே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

அப்போது நடுவரிசையிலிருந்து மடிப்பு எழுந்தாள். வாழ்க்கையில் பத்துப் பேர் முன்னால் பேசியிராதவள். கூச்சல் தானாக அடங்கியது.

"நான் அந்தக்கா கடையில வேலை பார்க்கிறவ. எனக்கு உங்க கம்பெனி வேலை வேணும். அதனாலதான் கேக்குறேன். இருநூறு பேருன்னு சொன்னீங்க. எழுதிக் குடுப்பீங்களா?"

மேலாளர் புன்னகை செய்தார். "ஏறத்தாழ இருநூறு—"

"ஏறத்தாழ எல்லாம் வேண்டாம் சார். வேலை குடுக்கலைன்னா சலுகைக் காசு திரும்பி வருமா வராதா? அதை எழுதுங்க."

பின்வரிசை ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு, சற்றுமுன் ஊளையிட்ட அதே வாய்கள் "எழுது, எழுது" என்று தாளம் போட்டன. மேலாளர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தார். முகம் சரியில்லை. இரண்டு வருடத்தில் இருநூறு பேருக்கு வேலை, இல்லையென்றால் வரிச் சலுகையைத் திரும்பக் கட்டவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார்கள். பிறகு ஓட்டெடுப்பு. கைகள் உயர்ந்தன. கொழுந்தனும் கையைத் தூக்கினான். தூக்கும்போது மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வேனில் வீடு திரும்பினார்கள். இறங்கும்போது கணவர் சொன்னார். "நீ தோத்துட்டேன்னு நினைக்காதே."

"தோத்துத்தான் போனேன். அதை ஏன் பொய் சொல்றீங்க?" என்றாள்.

அவள் பயந்தபடியேதான் நடந்தது. புதிய கட்டடம் எழும்பிய வேகத்தில் கம்பெனி உள்ளூர்த் துணிகளுக்கும் வந்தது. குழாய் இலவசம், வரி இல்லை; பாதி விலைக்கு வெளுத்துத் தர அவர்களுக்கு என்ன நஷ்டம்? முதலில் மாணவர் விடுதி போனது. பிறகு ஆஸ்பத்திரி. தங்கும் விடுதிகளில் ஒன்று போனது. அதன் முதலாளி நல்லவர். நேரில் வந்து, கையைப் பிசைந்துகொண்டு சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் அதுவும் செய்யவில்லை. எட்டுப் பெண்கள் மூன்று பேரானார்கள். மடிப்பு கம்பெனிக்குப் போனாள். போகிற அன்று அழுதாள். "அழாதே, போய்ப் பிழை. எனக்கு உன்மேல கோபமே இல்ல" என்று ஆவியக்கா அவளிடம் சத்தம் போட்டே சொன்னாள். கேட்டவர்கள் திட்டுகிறாள் என்றுதான் நினைத்தார்கள்.

ஒருநாள் கொழுந்தன் தன் அண்ணனிடம் யோசனை சொன்னான். "அண்ணிக்கும் வயசாகுது. கடையை மூடிட்டு ஓய்வா இருக்கச் சொல்லேண்ணே." கணவர் நேராக உள்ளே போனார். வெளுப்புக்குக் கிடந்த தம்பியின் வெள்ளைச் சட்டைகளை அப்படியே அழுக்கோடு அள்ளிக்கொண்டு வந்து அவன் கையில் திணித்தார். "இதைப் பெரிய லாண்டரிக்கே குடுத்துக்கோ. அவங்க நல்லா வெளுப்பாங்க." வாழ்நாளில் தம்பியிடம் அவர் பேசிய மிகக் காரமான பேச்சு அதுதான். மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் நடுவில் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

பெரிய லாண்டரியில் இயந்திரம் பழுதாகிற நாட்களில், கறை போகாத ஆஸ்பத்திரி விரிப்புகளை மட்டும் ஆவியக்காவிடம் தள்ளிவிடுவார்கள். இரத்தக்கறை, மருந்துக்கறை. கூலி சொற்பம். பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள். அந்த மூன்று பெண்களுக்குச் சம்பளம் கொடுக்கவேண்டுமே.

இரண்டு வருடம் முடியும்போது மடிப்பு கடை வாசலில் வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். புதிய கட்டடத்தில் மடிக்கிற வேலையை இயந்திரமே செய்தது. மனிதர்களுக்கு அதன் வாயில் துணியைக் கொடுப்பதுதான் வேலை. அவளை வேலைக்கு எடுத்தது கம்பெனி அல்ல, நடுவில் ஒரு ஒப்பந்தக்காரர். லீவும் இல்லை, வைத்தியச் செலவும் இல்லை. முதுகு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்திருந்தாள். ஐந்தாவது நாள் அவள் இடத்தில் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

"இங்கயே வந்துடு. இருக்கிறதைப் பகிர்ந்துக்கலாம்" என்றாள் ஆவியக்கா.

"வேலை கேட்டு வரலக்கா. நாளன்னைக்கு நகராட்சிக் கூட்டம். அந்த இருநூறு பேரைப் பத்திப் பேசப்போறாங்க. உள்ள எழுபது பேர்கூட இல்ல, நான் கண்ணால பார்த்தவ. நீ வர்றியா?"

"வர்றியாவா? நட!"

இந்தமுறை அரங்கு பாதி காலி. பின்வரிசை இளைஞர்களில் பலர் வேலை தேடி வெளியூர் போய்விட்டிருந்தார்கள். மேலாளர் அதே புன்னகையோடு எழுந்தார். இலக்கு எட்டப்பட்டுவிட்டது என்றார். நேரடி வேலை கொஞ்சம், மறைமுக வேலை கொஞ்சம் என்று விளக்கினார். பேருந்து ஓட்டுநர், வாசலில் டீ விற்பவர் எல்லாரையும் கணக்கில் சேர்த்தார். "அதுமட்டும் இல்ல. உள்ளூர்ச் சின்ன லாண்டரிகளுக்கு நாங்கதான் இப்போ துணி குடுத்து வாழ வைக்கிறோம். உதாரணத்துக்கு" என்று சொல்லி, ஆவியக்காவின் கடையைக் குறிப்பிட்டார். அங்கே வேலை பார்க்கிறவர்கள், வேன் ஓட்டுகிறவர், எல்லாருமே கம்பெனியால் பிழைக்கிறவர்கள் என்று.

ஒரு நொடி அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"என்னையுமா? என்னையுமாடா கணக்குல சேர்த்தே?"

தலைவர் மணியைத் தட்டினார். ஆவியக்கா மேசையருகே போய் அந்த மணியின்மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது வாயடைத்துப் போயிற்று.

"எட்டுப் பேருக்கு நான் சம்பளம் குடுத்தேன். அஞ்சு பேர் வேலையை நீ பிடுங்குனே. மிச்சம் மூணு பேரை நீ குடுத்த வேலைங்கிறே! கழுத்தை நெரிச்சுட்டு, இன்னும் மூச்சு வருதுல்ல, அது நான் போட்ட பிச்சைன்னு சொல்றியா? என் வீட்டுக்காரர் வேனு, அவரு கடன்பட்டு வாங்குன வேனு, அதுவும் உன் தர்மமா? இதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, உங்களுக்கெல்லாம் ரத்தம் ஓடுதா, சோப்புத் தண்ணி ஓடுதா?"

"அம்மாவை வெளிய அனுப்புங்க" என்றார் தலைவர். காவலாளி இரண்டடி எடுத்து வைத்தார். ஆவியக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு அடி பின்னால் வைத்தார்.

அப்போது கவுன்சிலர் வரிசையில் கொழுந்தன் எழுந்தான். 

"அது எங்க வீட்டு லாண்டரி. எங்க அண்ணி கடை. இந்தக் கம்பெனி வர்றதுக்கு ரொம்ப நாளைக்கு முன்னாடியிருந்து நடக்குது. அவர் சொல்றது பொய்." பிறகு, "சலுகையைத் திரும்ப வாங்கணும்னு நான் சொல்றேன்" என்றான்.

மடிப்பும் பேசினாள். உள்ளே யார் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு இயந்திரமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மேலாளர் மறுக்கப் பார்த்தார். எந்த இயந்திரத்தை மறுப்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். ஓட்டெடுப்பு இழுபறியாகப் போய், மயிரிழையில் நிறைவேறியது. கொடுத்த வரிச் சலுகையைக் கம்பெனி திரும்பக் கட்டவேண்டும். இனிச் சலுகை கிடையாது.

கம்பெனி நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு இழுத்தது. கடைசியில் பாதியைத் தவணையாகக் கட்டுவதென்று சமரசம் ஆனது. போன வேலைகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி திரும்பவில்லை. கையைப் பிசைந்துகொண்டு போன விடுதி முதலாளி மட்டும், வரிச் சலுகை நின்று கம்பெனி விலையை ஏற்றியதும், மறுபடியும் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார். "உள்ள வாங்க. கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள் ஆவியக்கா. மடிப்பு கடைக்கே திரும்பினாள். இந்தமுறை வாரத்தில் ஒருநாள் சம்பளத்தோடு லீவு வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டாள். ஆவியக்கா முனகினாள், ஒப்புக்கொண்டாள். 

இதற்கெல்லாம் முன்பே, கூட்டம் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமையன்று கொழுந்தன் முன்பக்கப் படிக்கட்டில் இறங்கி வந்தான். அண்ணன் நாற்காலியை நகர்த்திப் போட்டார். ஆவியக்கா டீ கொண்டுவந்து அவன் முன்னால் சத்தமாக வைத்தாள்.

"அன்னைக்கு எதுக்கு எழுந்தே?"

அவன் தலையைச் சொறிந்தான். "தெரியல அண்ணி. ஊர் முன்னாடி எங்க அண்ணனை அவன் கூலிக்காரன் மாதிரி சொன்னப்போ, சும்மா இருக்க முடியல."

"ரெண்டு வருஷம் சும்மாத்தானே இருந்தே. என் அஞ்சு பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பினப்போ உனக்கு ரோஷம் வரல. உன் வீட்டுப் பேரைச் சொன்னப்புறம்தான் வந்துதா?"

அவன் டம்ளரைக் கையில் எடுத்தான். டீயை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"சர்க்கரை போடலையா அண்ணி?"

"இல்ல. அந்த அளவுக்கு இன்னும் ஆறல. குடி" என்று சொல்லிவிட்டு, அவள் கடைப்பக்கம் போனாள்.